நாளின் முடிவில் கால் மணி நேரம்: ஆன்ம சோதனை செய்யும் முறை

எங்கள் வீட்டுப் பழைய செபப் புத்தகத்தில் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று மூன்று மந்திரங்கள் அடுத்தடுத்து இருக்கும். சிறு வயதில் மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டுப் பாயை விரித்துப் படுத்திருக்கிறேனே தவிர, 'முயற்சி' என்னும் சொல் அங்கே எதற்காக நிற்கிறது என்று யோசித்ததே இல்லை. அன்பும் நம்பிக்கையும் மனத்தில் தாமாக ஊறி வருகிறவை என்று எண்ணிக்கொண்டிருக்கிற நமக்கு, அவற்றை அன்றாடம் உட்கார்ந்து செய்ய வேண்டிய ஒரு வேலையாக நம் முன்னோர் பெயரிட்டு வைத்திருப்பது விந்தையாகத்தான் படும். அந்த வேலையைச் செய்வதற்குத் திருச்சபையில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஒரு வழியைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன். அதற்கு ஆன்ம சோதனை என்று பெயர். பெரியவர்கள் ஆத்தும சோதனை என்பார்கள்.

முதலில் சொல்லில் இருக்கும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பழைய செபங்களில் விசுவாசம் என்று இருந்தது 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் நம்பிக்கை என்று ஆயிற்று. பழைய செபங்களில் நம்பிக்கை என்று இருந்தது எதிர்நோக்கு என்று ஆயிற்று. ஆகவே ஒரே வீட்டில் பாட்டி நம்பிக்கை என்று சொல்லும்போது ஒன்றும், பேத்தி அதே சொல்லைச் சொல்லும்போது வேறொன்றும் பொருளாகிறது. எதிர்நோக்கு என்ற சொல் தொடக்கத்தில் என் காதுக்கு ஒட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருகிறவரை வாசலில் நின்று பார்த்திருப்பது போன்ற ஒரு நிலையை அது சொல்வதால், நாளடைவில் அதுவே பொருத்தமாகத் தோன்றிவிட்டது. இக்கட்டுரையில் அந்தச் சொல்லையே எடுத்தாள்கிறேன்.

"எதிர்நோக்கு ஒருபோதும் ஏமாற்றம் தராது" என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் கூறுகிறார். திருச்சபையின் புனித ஆண்டான 2025 யூபிலி ஆண்டை அறிவித்த ஆணை மடலுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தலைப்பாக எடுத்துக்கொண்டதும் இந்த வரியைத்தான். யூபிலி ஆண்டு முழுவதும் அந்த வரி கோயில் பதாகைகளில் தொங்கிற்று. ஆனால் அதற்குப் பவுல் சொல்லும் காரணம் அடுத்த வரியில் இருக்கிறது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். தூய ஆவியின் வழியாகக் கடவுளின் அன்பு நம் உள்ளங்களில் ஏற்கெனவே பொழியப்பட்டுவிட்டது என்பதே அந்தக் காரணம். நாளையைக் குறித்த எதிர்நோக்கு, இதுவரை கிடைத்த அன்பின் மேல்தான் நிற்கிறது. எனவே முன்னோக்கிப் பார்க்க வேண்டுமானால் முதலில் திரும்பிப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆன்ம சோதனை கற்றுத்தருவது இந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான்.

படுக்கையில் பிறந்த கண்டுபிடிப்பு

இம்முறைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார். 1521 மே மாதம், இன்றைய ஸ்பெயினில் உள்ள பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் முறிந்தது. பிறந்த வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தபோது, போர்வீரனாகப் புகழ் பெறுவதைப் பற்றிக் கற்பனை செய்வது அவருக்கு இனித்தது. புனிதர்களைப் போல வாழ்வதைப் பற்றி எண்ணுவதும் இனித்தது. வேறுபாடு பிறகுதான் தெரிந்தது. முதல் வகைக் கற்பனை ஓய்ந்ததும் மனம் வறண்டு போயிற்று. இரண்டாம் வகை எண்ணம் ஓய்ந்த பின்னும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. ஒன்று நடக்கும்போது எப்படி இருந்தது என்பதைவிட, அது நடந்து முடிந்த பிறகு நம்மிடம் எதை விட்டுச் செல்கிறது என்பதைக் கவனிக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது. பின்னர் மன்ரேசா ஊரில் பெற்ற அனுபவங்களும் சேர்ந்து ஆன்மீகப் பயிற்சிகள் என்ற கையேடாக உருவாயின. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார். அதில் ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன: நன்றி கூறுதல், ஒளி வேண்டுதல், நாளைப் பரிசீலித்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்த உறுதி கொள்ளுதல். தாம் நிறுவிய துறவற சபையான இயேசு சபையில் பயிலும் மாணவர்கள் இதை நாளுக்கு இருமுறை செய்ய வேண்டும் என்று சபையின் சட்டத்திலேயே இஞ்ஞாசியார் எழுதி வைத்தார்.

நமக்கும் இது புதிதன்று. 1542இல் புனித சவேரியார் வந்திறங்கிய முத்துக்குளித்துறையில் (தூத்துக்குடிக் கடற்கரைப் பகுதி) அவருக்குப் பின் பல்லாண்டுகள் உழைத்த ஹென்றிக்கஸ் அடிகளார், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வதற்கான கொம்பெசியோனாயரு என்னும் நூலை 1580இல் தமிழில் அச்சிட்டுத் தந்தார். தமிழ் எழுத்து அச்சேறிய முதல் சில நூல்களுள் ஒன்று, மனிதன் தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பதற்கான கையேடு என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

நேரமும் இடமும்

கால் மணி நேரம் போதும். இரவு உணவுக்குப் பின், உறக்கம் கண்ணைச் சுழற்றுவதற்கு முன், அன்றாடம் ஒரே இடத்தில் அமர வேண்டும். படுக்கையில் படுத்தபடி செய்யலாம் என்று எண்ணுபவர்கள் இரண்டாம் படியைத் தாண்டுவதில்லை. இதை அனுபவத்தில் சொல்கிறேன். வீட்டில் குடும்பச் செபமாலை சொல்லும் வழக்கம் இருந்தால், அது முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகு பீடத்தின் முன் அப்படியே அமர்ந்துகொள்வது மிக எளிது. கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். இரவில் முடியாதவர்கள், குறிப்பாக இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர்களும் ஓட்டுநர்களும், தங்கள் பணி முடியும் வேளையை நாளின் முடிவாகக் கொள்ளலாம்.

நன்றியில் தொடங்குவது

பலரும் ஆன்ம சோதனை என்றவுடன் பாவங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். இஞ்ஞாசியார் அப்படித் தொடங்கவில்லை. நானும் முதல் சில மாதங்கள் குற்றப்பத்திரிகை வாசிப்பதைப் போலத்தான் செய்துகொண்டிருந்தேன். இதை ஒருமுறை எங்கள் பங்குச் சாமியிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "கணக்குப்பிள்ளை மாதிரி உட்காராதீங்க, பிள்ளை மாதிரி உட்காருங்க" என்றார். அன்றிலிருந்து நன்றிக்கு மட்டும் ஐந்து நிமிடம் ஒதுக்குகிறேன்.

நன்றி சொல்லும்போது பொதுவாகச் சொல்லக் கூடாது. 'ஆண்டவரே, இன்றைய நாளுக்காக நன்றி' என்பது தவறில்லை என்றாலும், அதில் நாள் தெரிவதில்லை. காலையில் பேருந்தில் நிற்க இடமில்லாதபோது என் சோற்றுப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட அந்த அம்மா. மதியம் உப்புக் குறைந்த குழம்பைப் பற்றி எதுவும் சொல்லாமல் சாப்பிட்ட கணவர். மாலையில் தானாகத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்த மகன். இப்படி ஆளும் வேளையும் பொருளுமாகச் சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று சொல்லுங்கள். மூன்றாவதைத் தேடும்போதுதான், நாம் கவனிக்காமல் கடந்து வந்த ஒன்று தட்டுப்படும். நாள் முழுவதும் பிறர் நமக்குச் செய்ததை நாம் எவ்வளவு விரைவாக மறந்துவிடுகிறோம், பிறர் செய்யத் தவறியதை எவ்வளவு நுணுக்கமாக நினைவில் வைத்திருக்கிறோம் என்பது இங்கே வெளிப்படும்.

அடுத்து, தூய ஆவியாரிடம் ஒளி வேண்ட வேண்டும். இதற்கு ஒரு வரி போதும்: 'ஆண்டவரே, இந்த நாளை நீர் பார்க்கிறபடி நானும் பார்க்கச் செய்யும்.' இந்த வரியைத் தவிர்த்துவிட்டால் மீதியெல்லாம் வெறும் சுயவிசாரணையாகிவிடும்.

நாளைச் சுற்றி வருதல்

இதுவே நடுப்பகுதி, இதற்குத்தான் பொறுமை வேண்டும். காலையில் கண் விழித்த நொடியிலிருந்து மணி மணியாக நினைவுகூரச் சொல்வார்கள். எனக்கு மணிக்கணக்கைவிட இடக்கணக்கு எளிதாக வருகிறது: அடுப்படி, தெருமுனை, பேருந்து, அலுவலகம், ரேஷன் கடை வரிசை, மீண்டும் அடுப்படி. ஒவ்வோர் இடத்திலும் யார் இருந்தார்கள், என்ன பேசினோம், அதற்குப் பிறகு மனம் எப்படி இருந்தது என்று மூன்றை மட்டும் பார்த்துக்கொண்டு நகர வேண்டும்.

எதைத் தேடுவது என்பதற்கும் இஞ்ஞாசியார் அளவுகோல் தருகிறார். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகியவற்றைக் கூட்டுகிற எந்த உள்ளியக்கமும் ஆறுதல். எதிர்நோக்கும் அன்பும் அற்றுப்போகும்படி நம்மைச் சோர்விலும் கலக்கத்திலும் தள்ளுவது வறட்சி. இந்த ஆறுதலை இன்பம் என்றும், வறட்சியைத் துன்பம் என்றும் எடுத்துக்கொண்டால் முறை முழுவதும் தடம் புரண்டுவிடும். ஒரு திருமண வீட்டில் வயிறார உண்டு, வாய்விட்டுச் சிரித்து, உறவினர் ஒருவரைப் பற்றிப் புறம் பேசிவிட்டு வீடு திரும்பும் இரவில் நெஞ்சில் ஒரு கசப்பு தங்குமே, அது வறட்சி. மருத்துவமனை வராந்தாவில் கொசுக்கடியில் இரவு முழுவதும் விழித்திருந்துவிட்டு, விடியலில் நோயாளிக்குக் காய்ச்சல் இறங்காமலேயே இருந்தும், 'தனியாக விடப்படவில்லை' என்ற உணர்வு உள்ளே நிற்குமே, அது ஆறுதல்.

என் வீட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். என் தாய்க்கு நினைவு மங்கிவரும் நோய். மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் "ஏளா, சாப்பிட்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்று சொல்லிச் செருப்பைக் கழற்றுவதற்குள் மீண்டும் அதே கேள்வி. ஒரு நாள் ஏழாவது தடவையில் பொறுக்காமல் கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிரவு ஆன்ம சோதனையில் அந்த இடம் வந்ததும் தாண்டிப் போகவே விரும்பினேன். கோபத்துக்கு நியாயங்கள் வரிசையில் நின்றன. ஆனால் நின்று பார்த்தபோது கத்தியதற்கு அடியில் வேறொன்று தெரிந்தது. என் பெயரைக்கூட மறந்துவிட்ட ஒருத்திக்கு, நான் பசித்திருக்கக் கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை. ஏழு தடவையும் கேட்கப்பட்டது அன்புதான். எனக்குத்தான் அது தொல்லையாகக் கேட்டிருக்கிறது. இப்படி ஓர் இடம் தட்டுப்பட்டால் அங்கேயே தங்கிவிட வேண்டும். நாளின் மற்ற பகுதிகளைப் பார்த்து முடிக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

மன்னிப்பும், அதன் எல்லையும்

கண்டதை ஆண்டவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது நான்காம் படி. பெரியவர்கள், பாவங்களுக்காக வருந்தும் செபமான உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்வார்கள். மனப்பாடமாகத் தெரிந்தால் அதையே மெல்லச் சொல்லுங்கள். கனமான பாவங்களுக்கு ஒப்புரவு அருளடையாளத்தை, அதாவது பாவசங்கீர்த்தனத்தை, நாட வேண்டும் என்பது தெரிந்ததே. அன்றாட ஆன்ம சோதனை அதற்கு மாற்று ஆகாது, ஆயத்தம் ஆகும்.

ஒரு வகை மனம் இந்தப் படியில் சிக்கிக்கொள்ளும். செய்த பாவத்தைச் சொல்லியும் சொல்லவில்லையோ, சொன்னது சரியாகச் சொன்னேனோ என்று அரித்துக்கொண்டே இருக்கும். மன்ரேசாவில் இஞ்ஞாசியாருக்கே இந்த நோய் இருந்தது. தம் உயிரைப் போக்கிக்கொள்ளும் எண்ணம் வரும் அளவுக்கு அது அவரை வாட்டியது. அத்தகைய மனம் கொண்டவர்கள் நான்காம் படியை ஒரே ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, மீதி நேரத்தை நன்றிக்குக் கொடுப்பது நல்லது. நம்பிக்கைக்குரிய ஓர் அருள்பணியாளரிடம் பேசி அவர் சொல்கிறபடி நடப்பது இன்னும் நல்லது.

நாளைக்கு ஒன்று

ஐந்தாம் படியில் நாளைக்கு என்று ஒன்றே ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். 'இனிமேல் கோபப்பட மாட்டேன்' என்பது தீர்மானம் ஆகாது. அது மறுநாள் காலை எட்டு மணிக்குள் உடைந்துவிடும், பிறகு உடைந்ததை எண்ணிச் சோர்வதற்கு ஒரு நாள் போகும். ஆளும் வேளையும் குறித்த சிறு செயலாக அது இருக்க வேண்டும். நான் அன்றிரவு தீர்மானித்தது இது: நாளை மாலை அம்மா முதல் தடவை கேட்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வது. அன்பு சொல்லில் இருப்பதைவிடச் செயலில் இருக்க வேண்டும் என்று இஞ்ஞாசியார் எழுதியிருப்பது இந்த அளவில்தான் நமக்குக் கைக்கு எட்டும்.

இவ்வளவு சிறியதா என்று தயங்குபவர்கள் லிசியே நகர்ப் புனித தெரேசம்மாளை நினைத்துக்கொள்ளலாம். 24 வயதில், 1897இல் மறைந்த அந்தக் கார்மேல் துறவி, துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரைத் தம் முகத்தில் தெறிக்க விட்டபோது, முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கத்தான் முதலில் நினைத்தார்; பிறகு அதைச் சொல்லிக் காட்டாமல் அங்கேயே நின்றார். அதை ஒரு பெரிய போராட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார். துவைக்கிற கல்லடியில் நின்றவர்களுக்கு அது பெரிய போராட்டம்தான் என்பது தெரியும்.

முடிவில் இஞ்ஞாசியார் சொன்னபடி, விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்ற செபத்தைச் சொல்லி எழுந்துவிடலாம்.

வறண்ட நாள்களில்

வாரக்கணக்கில் ஒன்றுமே தட்டுப்படாத காலம் வரும். நன்றி சொல்ல வாய் வராது. வறட்சியில் இருக்கும்போது, முன்பு தெளிவான மனத்துடன் எடுத்த முடிவுகளை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியாரின் கண்டிப்பான விதி. கால் மணி நேரம் என்று முடிவு செய்திருந்தால் அதையே கடைப்பிடிக்க வேண்டும். வேண்டுமானால் ஒரு நிமிடம் கூட்டலாம், குறைக்கக் கூடாது. உறக்கமும் பசியும் போய், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தொடர்ந்தால், அதைச் செபத்தால் மட்டும் சமாளிக்க முயலாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவரும் கடவுள் தந்த உதவிதான் என்பதில் திருச்சபைக்கு ஐயம் இல்லை.

எதிர்நோக்கைப் பற்றித் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007 நவம்பர் 30 அன்று வெளியிட்ட சுற்றுமடலில் வியட்நாம் நாட்டு ஆயர் நுயென் வான் துவானை எடுத்துக்காட்டுகிறார். 1975 ஆகஸ்டு 15 அன்று கைதான அவர் 13 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அதில் 9 ஆண்டுகள் தனிச்சிறை. விடுதலை எப்போது என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, இப்போதிருக்கும் நொடியை அன்பால் நிரப்புவது என்று அவர் முடிவு செய்தார். கைதான தொடக்க மாதங்களில் ஒரு சிறுவன் கொண்டுவந்து கொடுத்த பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் தம் மக்களுக்கான சிந்தனைகளை எழுதி அனுப்பினார். பின்னர், வயிற்று வலிக்கு மருந்து என்ற பெயரில் வெளியிலிருந்து வந்த திராட்சை இரசத்தில் மூன்று துளியையும் ஒரு துளி நீரையும் உள்ளங்கையில் ஏந்தித் திருப்பலி நிறைவேற்றினார். எதிர்நோக்கு என்பது ஒரு மனநிலை என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததை மாற்றியது அந்த உள்ளங்கைதான்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. ஆன்ம சோதனை முடிந்ததும் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் ஒரே ஒரு வரி எழுதுவேன்: அன்று அன்பு தட்டுப்பட்ட இடம். நீண்ட நாட்குறிப்பு எழுதத் தொடங்கினால் அது பத்து நாளில் நின்றுவிடும். உள்ளங்கையளவு தாளில் ஒரு வரிக்கு மேல் எழுத இடமும் இல்லை. தாள்களை ஒரு கிளிப்பில் செருகி வைத்து, மாதத்தின் கடைசி ஞாயிறன்று திருப்பலி முடிந்து வந்ததும் படிக்கிறேன். எழுதும்போது தெரியாத தொடர்ச்சி, முப்பது தாளையும் சேர்த்துப் படிக்கும்போது தெரியும்.

குடும்பமாகச் செய்யும்போது

பிள்ளைகளுக்கு ஐந்து படிகளும் வேண்டாம். இன்று யார் உனக்கு நல்லது செய்தார்கள், நீ யாருக்கு வருத்தம் கொடுத்தாய் என்ற இரண்டு கேள்விகள் போதும். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் புத்திமதி கூறத் தொடங்காதிருப்பது பெற்றோர் செய்ய வேண்டிய ஒறுத்தல். கணவனும் மனைவியும் சேர்ந்து செய்வதானால், ஒருவர் மற்றவருடைய குறையை நினைவூட்டக் கூடாது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். நன்றியை மட்டும் வாய்விட்டுச் சொல்லி, மற்றவற்றை மௌனமாகச் செய்வதே பாதுகாப்பான வழி. பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களிலும் இதைச் செய்யலாம். அங்கும் நன்றியோடு நிறுத்திக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் பகிர்வு பஞ்சாயத்தாக மாறிவிடும்.

சென்ற மாதத் தாள்களைப் படித்தபோது ஒன்பது தாள்களில் ஒரே வரி இருந்தது: 'அம்மா கேட்டார்.' பத்தாவது தாளில் வேறு விதமாக எழுதியிருந்தேன். அன்று அவர் எதுவும் கேட்கவில்லை, நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறேன். அவர் கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார் என்று அதன் கீழே, இடம் போதாமல் ஓரத்தில், நெருக்கி எழுதியிருந்தது.